கணினிக்கு இட்ட காவல்

சென்ற வாரம் என் மகன் புதிதாக வாங்கிய மடிக்கணினியைக் கட்டிலின் மேல் வைத்துப் பிரித்தான். ஒரு கையில் மீன் பொதிந்த மாலுபாண். மற்றக் கையால் உறையைக் கிழித்தான். பாண் துகள் விசைப்பலகையில் விழுந்தது; ஊதிவிட்டான். வரவேற்பு அவ்வளவுதான். ஆனால் பெட்டிக்குள்ளிருந்து எழுந்த மணம், புதுப் பிளாஸ்டிக்கும் அணை கொடுத்த வெள்ளை ரெஜிபோமும் கலந்த அந்த மணம், என்னைப் பிடித்துக்கொண்டது. அதனோடு பூச்சி உருண்டையின் நெடியும் சேர்ந்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு முதற்கணினி வந்த காலத்தில் அவை ஒன்றாகவே வீசின. கணினிக்குப் பூச்சி உருண்டை எதற்கென்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு முதலில் என் அப்பாவை உங்களுக்கு அறிமுகஞ் செய்ய வேண்டும்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்திருந்த ஓர் அரச களஞ்சியத்தின் காப்பாளர். இயந்திர உதிரிகளுக்குக் கிறீஸ் பூசி, எண்ணெய்த் தாளிற் சுற்றி, உப்புக் காற்றின் கண்ணிற் படாமல் அடுக்கிவைப்பது அவர் தொழில். எங்கள் நகரமோ ஒடுங்கியது. ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் துறைமுகத்தின் உட்கடல். காற்று எத்திசையிலிருந்து புறப்பட்டாலும் உப்பைக் கூட்டிக்கொண்டே வரும். அந்த உப்போடு அப்பா வாழ்நாளெல்லாம் பொருதினார். அவருடைய களஞ்சியத்தில் ஒரு பொருளும் பழுதானதில்லை. எளிதில் வெளியே போனதுமில்லை. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு வளையம் வேண்டுமென்று வந்த பொறியியலாளரிடம், "ஒண்டுதான் சேர் இருக்கு. அதைத் தந்தா இல்லாமப் போயிடுமே" என்று சொல்லித் திருப்பியனுப்பியவர் என்று அலுவலகத்தில் அவரைப் பற்றி ஒரு கதை உலாவியது. அப்பா அக்கதையை மறுத்ததில்லை. அதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறதென்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

அவரைக் குறைசொல்லவும் இயலாது. கலவரங்களுக்கு அஞ்சி நாங்கள் இரு முறை வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியவர்கள். ஒரு முறை திரும்பி வந்தபோது எஞ்சியிருந்தது அம்மாவின் ஆட்டுக்கல் மட்டுமே. அதையும் கள்வன் கதவு வரைக்கும் உருட்டிப் பார்த்துவிட்டு, முதுகைக் கருதிக் கைவிட்டிருந்தான்.

கணினி எனக்காகவே வாங்கப்பட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் நேர்முகத் தேர்வில் தேறியிருந்தேன். கணினியில் ஆங்கிலக் கடிதம் அடித்துக் காட்டும் தேர்வு எஞ்சியிருந்தது. போர் நடந்த அந்த நாள்களில் ஊரில் வேறு வேலையேது? இதுவும் கைநழுவினால் என்னைக் கொழும்பு மாமி வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. கொழும்புக்குப் போன பிள்ளைகள் அப்படியே கடல் கடந்து போய்விடுவதை எங்கள் தெரு நன்கு கண்டிருந்தது. அம்மா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேச்சு வந்தால் எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விடுவார்.

அப்பாவே கொழும்புக்குப் போய்க் கணினியைக் கொண்டுவந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில், பெட்டியிலிருப்பது கணினிதான் என்பதை இயக்கிக் காட்டச் சொன்னார்களாம். நடுவீதியில் மின்சாரத்துக்கு எங்கே போவது? எதிரே இருந்த தேநீர்க் கடையில் அப்பா கெஞ்சி இணைப்பு வாங்கினார். திரையில் வெள்ளை எழுத்துகள் சில தோன்றி, இயங்க மறுக்கும் செய்தியை ஆங்கிலத்தில் அறிவித்தன. ஆங்கிலம் வந்ததே போதுமென்று சிப்பாய் மனநிறைவோடு போகவிட்டான். "ஓடேல்லை எண்டதை வைச்சுத்தான் கம்பியூட்டர் எண்டு நம்பினவன்" என்று அப்பா பின்னாளிற் சொல்லிச் சிரிப்பார்.

அதை ஓடவைத்தவர் கிண்ணியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த நஸீர் நானா. அக்காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை; 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகில் ஏறிக் கடந்து வருவார். வந்தவர் வடங்களைப் பொருத்தினார். இறுவட்டு ஒன்றைப் போட்டார். எதிர்ப்பட்ட வினாக்கள் அனைத்துக்கும் படியாமலே 'ஓம்' என்று அழுத்தினார். "வாசிச்சா பயம் வரும் தங்கச்சி. ஓம் எண்டு சொல்லிட்டுப் போயிரணும்" என்பது அவர் எனக்களித்த விளக்கம்.

அவர் படியிறங்கியதும் அப்பாவின் வேலை தொடங்கியது. வெடியதிர்ச்சிக்கு அஞ்சிக் குறுக்கும் மறுக்குமாக நாடா ஒட்டியிருந்த யன்னல்களைச் சாத்தி, இடுக்குகளிற் பழந்துணி திணித்தார். மின்விசிறி உப்பைக் கிளறுமென்று அதற்குத் தடை. கணினியின் மையப் பெட்டியைத் தடித்த பொலித்தீனாற் சுற்றி, வடங்கள் புறப்படும் இடத்தை மெழுகால் அடைத்தார். சுருளுக்குள் பூச்சி உருண்டைகள் இட்டார். நீருக்கடியால் எவரும் நீந்தி வராதபடி கடற்படையினர் துறைமுகத்துக்குள் அடிக்கடி வெடி போடுவார்கள். வீடு ஒரு முறை குலுங்கி அடங்கும். அந்தக் குலுக்கம் கணினியைத் தாக்காதிருக்க அதன் கீழே ஒரு தலையணை. அது என் தலையணை. விசைப்பலகைக்கு அம்மா பொலித்தீனில் ஓர் உறை தைத்தார். நான் இரு கைகளையும் அதன் வாய்வழியே நுழைத்து உள்ளே தட்ட வேண்டும். வியர்வையில் உறை பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும், எழுத்துகள் தெரியா. கன்று ஈனும் பசுவுக்குக் கைகொடுப்பவளைப்போல் குனிந்து, தடவித் தடவி, கனம் பொருந்திய வணிகக் கடிதங்களை அடித்துப் பழகினேன். அந்நிலையிலும், 'கம்பியூட்டர்' என்னாது 'கணினி' என்றே வழங்க வேண்டுமென வீட்டாரைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டையும் விடுத்துப் 'பெட்டி' என்றார்.

வேட்டொலி கேட்டால் நாங்கள் கொல்லைப்புறத்துப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். ஒரு நாள் அம்மாவும் நானும் உள்ளே இறங்கி வெகுநேரமாகியும் அப்பா வரவில்லை. ஈற்றில் தலையணையும் தாமுமாக, மையப் பெட்டியைக் கட்டியணைத்தபடி இறங்கினார். அம்மா அதையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "உதுக்கும் ஒரு அடையாள அட்டை எடுத்து வையுங்கோ" என்றார்.

இத்தனை காவலிலிருந்த கணினி, தேர்வு நெருங்கிய வாரத்தில் நின்றுபோகத் தொடங்கியது. ஒரு கடிதத்தின் பாதிக்கு வருவேன், திரை கறுத்துவிடும். சற்றுப் பொறுத்துத் தொடங்கினால், விளிப்பைத் தாண்டுமுன் மறுபடியும் இருள். நஸீர் நானா வந்து, சுற்றை அவிழ்த்து, அதைத் தம் கடைக்குக் கொண்டுபோனார். மறுநாள் பாதைப் படகில் மடிமேல் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஐயா, என்ட கடையில பகல் முழுக்கப் பாட்டுப் போட்டுக் கேட்டன். ஒரு குறையுமில்ல. இங்க வந்தாத்தான் நிக்குது. உப்புக் காத்து உள்ளுக்குப் போகுது போல."

வாழ்நாளெல்லாம் தாம் சொல்லிவந்ததைத் தொழில் தெரிந்த ஒருவர் வாயாற் கேட்ட அப்பாவின் முகம் மலர்ந்தது. "நான் சொல்லேல்லையோ?" என்றபடி பொலித்தீனில் முன்னிலும் ஒரு சுற்றுக் கூடச் சுற்றினார். கணினி இன்னும் விரைவாக நின்றது. நான் உறைக்குள் கையை வைத்துக்கொண்டே அழுதேன். கண்ணீரைத் துடைக்கவும் கையை எளிதில் வெளியே எடுக்க முடியவில்லை.

புதிரை அவிழ்த்தது அடுத்த வீட்டுச் சாம்பற் பூனை. வழக்கமாக எங்கள் அடுப்படியிலேயே அது சுருண்டு கிடக்கும். அன்று கணினி அறைக்குள் எட்டிப் பார்த்த அம்மா கதவடியிலேயே நின்றார்.

"இஞ்சேருங்கோ, இந்தப் பூனை ஏன் என்ர அடுப்படியை விட்டிட்டு உங்கட பெட்டிக்கு மேல கிடக்குது?"

பூனையை விரட்டிவிட்டுப் பொலித்தீனிற் கையை வைத்த அம்மா வெடுக்கென்று எடுத்தார். "ஐயோ, தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது! மூச்சு விட வழியில்லாம அவிச்சுப் போட்டியள். கழட்டுங்கோ உதை."

"கழட்டேலாது. கழட்டினா உப்பு ஏறும். ரெண்டு வருசத்தில துருவாப் போயிடும்."

"போகட்டும். பிள்ளை கொழும்புக்குப் போனாப் பிறகு நீங்கள் இந்தப் பெட்டியைப் பாத்துக்கொண்டே இருக்கப் போறியள்?"

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். மெழுகைச் சுரண்டி, பொலித்தீனை மடிப்பின் வழியே கிழியாமல் அறுத்து, நான்காக மடித்து அலுமாரிக்குள் வைத்தார். தலையணையை என்னிடம் நீட்டினார். யன்னல் இடுக்குகளிலிருந்து துணியை இழுத்தெடுத்துக் கதவுகளைத் தள்ளித் திறந்தார். நெடுநாள் வெளியே காத்துநின்ற கடற்காற்று உள்ளே பாய்ந்தது. அப்பா காற்றுக்கும் கணினிக்கும் நடுவே தாமே போய் நின்றுகொண்டு, "அடி பிள்ளை, அடி. நிக்குதோ பாப்பம்" என்றார்.

கணினி நிற்கவில்லை. கடிதம் முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. அவ்வாரம் முழுவதும் அப்பா வேலையால் வந்து, யன்னலுக்கு முதுகு காட்டி நின்றார். விசைப்பலகை உறையை அகற்றுவதற்கு மட்டும் அவரிடம் ஒப்புதல் கிடைக்கவில்லை.

அதனால் தேர்வுக் கூடத்தில் நான் மானங்கெட்டேன். வெறுமையாகக் கிடந்த விசைப்பலகையைக் கண்டதும் கை பழக்கதோஷத்தால் உறையின் வாயைத் தேடியது. இரு கைகளையுங் குவித்து, தாழ்த்தி, காற்றில் நுழைத்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வை செய்தவர் பணிவோடு காத்திருந்து, "கும்பிட்டு முடிஞ்சுதோ தங்கச்சி? தொடங்குவமோ?" என்றார். நாணத்தால் விசைப்பலகையைப் பார்க்கவே துணியவில்லை, பாராமலே அடித்தேன். பாராமல் அடிப்பதில்தானே நான் தேர்ந்திருந்தேன்! வேலை கிடைத்தது. நான் கொழும்புக்குப் போகவில்லை.

கணினி அப்பா குறித்த தவணைக்குள்ளேயே துருப்பிடித்து மாண்டது. செந்நிறமாகக் கரைந்திருந்த அதன் திருகாணிகளை வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் காட்டி, "நான் அப்பவே சொன்னனான்" என்பார். அக்குரலில் வருத்தம் ஒரு சிறிதும் இருந்ததில்லை.

நான் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில், துறைமுக வாயிலில் உள்ளே போவோரையும் வெளியே வருவோரையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பார்கள். மாலையில் வெளிவர எவ்வளவு பிந்தினாலும் அப்பா சைக்கிளோடு வீதிக்கு அப்பால் நிற்பார். தலை முதல் கால் வரை ஒரு முறை பார்ப்பார், "என்ன, இண்டைக்குப் பிந்திப்போச்சு?" என்பார், சைக்கிளை உருட்டிக்கொண்டு, கடற்காற்று வரும் பக்கமாக எனக்கு முன்னே நடப்பார். இன்று கிண்ணியாவுக்குப் பாலத்தால் போகலாம். யன்னல்களில் நாடா இல்லை. அந்த வாயிலில் வரிசையும் இல்லை. அவ்வழியாக எந்த நேரத்திலும் வருகிறேன். எவரும் என் பையைத் திறக்கச் சொல்வதில்லை. ஏன் பிந்தினாய் என்று கேட்பதற்கும் எவரும் இல்லை.