வளவுக்கு வந்த பிள்ளை

கழக்கூட்டத்திலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் நான் வளர்ந்த இடம் இருந்தது. அதை ஊர் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சாலையின் கிழக்கே எங்கள் சாப்பாட்டுக் கடை, அதை ஒட்டி ஒரு தையல் கடை, ஒரு பலசரக்குக் கடை. மேற்கே ஒரு டயர் கடை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு ஒரு கூரை, அதன் பின்னால் ரப்பர் தோட்டம். கடைகளுக்குப் பின்னால் ஏழெட்டு வீடுகள். அவ்வளவுதான்.

சாலை அங்கே சட்டென்று திரும்புவதால் பஸ்காரர்கள் அந்த இடத்தை 'வளவு' என்றார்கள். மலையாளத்தில் வளவு என்றால் வளைவு. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கடை போட்ட என் அப்பாவுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. எங்கள் பக்கத்தில் வளவு என்றால் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே முற்றத்தில் இருப்பது. அப்பா எந்தப் பொருளில் சொல்கிறார், கேட்பவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறார் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது ஆறுவழிச் சாலைக்காக வளைவை நிமிர்த்திவிட்டார்கள். நான் போகும் ஆபீஸ் பஸ் அந்த இடத்தை இருமுவதற்குள் தாண்டிவிடுகிறது.

வளவில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று பிழைப்புக்கு. இன்னொன்று, சாலையில் பிரேக் கீச்சிட்டு, அதற்குப் பின் அந்தப் பெரிய சத்தம் கேட்டால் செய்வது. டயர் கடை அண்ணன் ஜாக்கியையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார். தையல் கடை சேச்சி வெட்டி வைத்திருந்த துணி யாருடையது என்று பார்க்காமல் கிழித்துக் கட்டுப் போடுவாள். அப்பா சாலை நடுவே நின்று வருகிற வண்டியை மறிப்பார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்துடன் போவாள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நன்றி சொல்லவும் பெரும்பாலும் யாரும் திரும்பி வந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயது. மழைக்காலம். கலெக்டர் லீவு விட்டிருந்த நாள். காலை பதினொரு மணி இருக்கும், ஒரு வாடகைக் கார் வளைவில் வழுக்கி எதிரே வந்த லாரியில் மோதியது. வழக்கம்போல எல்லோரும் ஓடினார்கள். நான் கடை வாசலைத் தாண்டக் கூடாது என்பது கட்டளை, ஆகவே படியில் நின்று பார்த்தேன். டிரைவரையும், ஒரு ஆளையும், ஒரு பெண்ணையும் தூக்கி ஒரு மீன் வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போன பிறகுதான் காருக்குள்ளிருந்து அழுகை கேட்டது. அம்மா உடைந்த கண்ணாடி வழியே கையை விட்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் சுருண்டு கிடந்த ஒரு சின்னப் பெண்ணை வெளியே எடுத்தாள். மூன்று வயது இருக்கும். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவளுடைய கவுனில் இருந்த ரத்தம் அவளுடையது அல்ல.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கைப்பையில் கிடைத்த நம்பரில் பேசியதில், கல்கத்தாவிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் என்று தெரிந்தது. அந்த ஆளின் தம்பி புறப்பட்டுவிட்டார், வந்துசேர மறுநாள் மத்தியானம் தாண்டிவிடும் என்றார்கள். அதுவரை பிள்ளையை எங்கே வைப்பது என்று போலீஸ்காரர் யோசித்தார். அம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கடைக்கு ஃபோன் வந்தது. அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். பிள்ளையின் அம்மா இறந்துவிட்டாள் என்பதுதான் செய்தி. இதை நான் இரண்டு வருடம் கழித்து, சேச்சி வாய் தவறிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று என்னிடம், "ஆஸ்பத்திரியில இருக்கா, சரியாயிரும்" என்று அப்பா சொன்னார். நானும் அதோடு அவளை மறந்துவிட்டேன். எனக்கு அப்போது வேறு சந்தோஷம் வந்திருந்தது. கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு, மழை லீவில், கூப்பிடு தூரத்தில் ஒரு தங்கச்சி.

பேர் கேட்டோம். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இரண்டே சொற்கள்தான் சொன்னாள். முதலில் "மா" என்றாள். பிறகு "கோதாய்" என்பதுபோல ஒன்று; அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "பேரு கோதையாம்! எங்க சித்தி பேருல்லா அது!" என்றாள். கல்கத்தாவிலும் அந்தப் பேர் வைப்பார்களா என்று அப்பா சந்தேகப்பட்டார். "ஏன், வைக்கப்பிடாதா?" என்று அம்மா கேட்டதும் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் வளவு முழுவதும் அவள் கோதை ஆனாள். சேச்சி, என் பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் மிஞ்சியதை வைத்து அவளுக்கு ஒரு நீலக் கவுன் தைத்துக் கொண்டுவந்தாள். டயர் கடை அண்ணன் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பந்து செய்தார். எதிலும் அவள் கண் நிலைக்கவில்லை. சோறு ஊட்டினால் வாயைத் திறப்பாள், மென்று விழுங்குவாள், மறுபடியும் அந்தச் சொல்லைச் சொல்வாள்.

ஒரு விஷயத்தை நான் கண்டுபிடித்தேன். நான் "கோதை!" என்று கூப்பிட்டால், அவள் என்னைப் பார்க்கமாட்டாள். எழுந்து வாசலுக்கு ஓடிச் சாலையைப் பார்ப்பாள். வலது பக்கம் ஒரு முறை, இடது பக்கம் ஒரு முறை. பிறகு திரும்பி வந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் இதை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் மட்டும் இருபது முப்பது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் சளைக்காமல் ஓடினாள், நான் கைதட்டினேன். சமையலறையிலிருந்து அம்மா, "போதும்ட்டீ, அவளை விடு" என்றாள். எங்கள் கூச்சல் அவளுக்குத் தலைவலி என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அப்பா சொன்னார்: "சித்தப்பாக்காரரு ஆஸ்பத்திரியிலேருந்து கெளம்பிட்டாராம். இப்போ வந்துருவாரு. பிள்ளைக்குத் தலை சீவி வையி."

அவளைக் கொடுத்துவிடுவார்கள் என்பது அதுவரை என் கணக்கில் இல்லை. அம்மா சீப்பு எடுக்க உள்ளே போனாள். அந்த இடைவெளியில் நான் அவள் கையைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியவர்கள் துணை இல்லாமல் அந்தச் சாலையைக் கடந்தேன். மூன்று வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு. எப்படிக் கடந்தேன் என்பது இன்றும் எனக்கு நினைவில்லை. நினைவில் கொண்டுவர நான் முயன்றதும் இல்லை.

டயர் கடையின் பின்னால் பழைய லாரி டயர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஓர் அடுக்குக்குள் அவளை இறக்கிவிட்டு நானும் இறங்கினேன். ரப்பர் வாடை, காலடியில் மழைத் தண்ணீர், கொசு. அவள் அழவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தச் சொல்லை மெல்லச் சொன்னாள். நான் "உஸ்" என்றேன்.

டயர்களின் இடுக்கு வழியாக எதிர்ப்பக்கம் தெரிந்தது. முதலில் அம்மா சீப்புடன் வாசலுக்கு வந்தாள். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு வீட்டின் பின்பக்கம் போனாள். வரும்போது அவள் கையில் சீப்பு இல்லை. அப்பா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவதும், சேச்சி மெஷினை விட்டு ஓடி வருவதும் தெரிந்தது. டயர் கடை அண்ணன் சாலையோர ஓடையில் இறங்கினார். மழைக்கு அது முட்டளவு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடப்பாரையால் தண்ணீருக்குள் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். எதை அப்படித் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தபோது, வெளியே வரும் தைரியம் போய்விட்டது. இனி வந்தால் கொன்றுவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எங்கள் கடை முன்னால் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட, ஒல்லியான ஓர் ஆள் இறங்கினார். அப்பா அவர் முன்னால் போய்க் கைகளைக் கூப்பி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அந்த ஆள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"துலி! துலி!"

என் கழுத்திலிருந்த கைகள் விலகின. நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் உள்ளங்கையைக் கடித்தாள். டயரில் கால் வைத்து ஏறி, வெளியே குதித்து, குரல் வந்த பக்கம் ஓடினாள். நடுவில் சாலை இருந்தது. வளைவில் ஒரு லாரி ஹார்ன் அடித்தபடி திரும்பிக்கொண்டிருந்தது.

டயர் கடை அண்ணன் ஓடையிலிருந்து கையை நீட்டி அவள் கவுனைப் பிடித்தார். சேச்சியின் தையல் கெட்டி, கிழியவில்லை. லாரி போன பிறகு, "கிட்டி! கொச்சு கிட்டி!" என்று அவர் கத்தினார். பிள்ளை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை வளவு அன்றுதான் பார்த்தது.

என்னை டயர்களுக்குள்ளிருந்து எடுத்துச் சாலையைக் கடந்து கூட்டிப்போனபோது நான் அடிக்குத் தயாராகத்தான் இருந்தேன். யாரும் அடிக்கவில்லை. அம்மா என் கையை விடாமல் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். சித்தப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "கோதை நல்ல பிள்ளை சார். ரெண்டு நாளும் நல்லாச் சாப்பிட்டா" என்றார். அந்த ஆளுக்குப் புரியவில்லை. காலேஜ் வரை படித்த சேச்சி இங்கிலீஷில் சொன்னாள்: பிள்ளை தன் பேரைக் கோதை என்று சொன்னாள், அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் சேச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக இரண்டு வரி சொன்னார்.

சேச்சி எங்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அது பேரல்ல. எவிடேன்னு கேக்குறதாணு. 'அம்மை எவிடே'ன்னு."

எங்கே. இரண்டு நாளாக அவள் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அவளைத் திருப்பி எங்கே, எங்கே என்று கூப்பிட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டதையும், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்த பிறகு நிறுத்தினேன்.

குழந்தை சித்தப்பாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, அவர் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, அதையே அவரிடமும் கேட்டாள். அவர் அவள் காதருகே, சிரித்த முகத்துடன், நாலைந்து சொற்கள் சொன்னார். அவள் தலையாட்டினாள். இரண்டு நாளில் முதல் தடவையாக, டியூப் பந்தைக் கையில் கொடு என்று விரலை நீட்டினாள். காரில் ஏறும்போதும் அவள் மறுபடி கேட்கவில்லை.

கார் போனதும் எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். இது இவ்வளவு சுலபமென்றால் இரண்டு நாளும் ஏன் அவளை அலையவிட்டோம்?

"அவரு சொன்ன பதிலு உனக்குத் தெரியாதாம்மா? தெரிஞ்சிருந்தா நீயே சொல்லியிருக்கலாம்லா?"

அம்மா கீழே விழுந்துகிடந்த சீப்பைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். "பதிலு தெரியும் மக்களே," என்றாள். "நேத்தே தெரியும். சொல்லத்தான் நாக்கு எழும்பல."

கடையையும் அடுப்பையும் தவிர எதுவும் அறியாதவள் என்று நான் நினைத்திருந்த என் அம்மாவுக்கு, அந்தக் கல்கத்தா பாஷை தெரிந்திருக்கிறது. கூச்சத்தில்தான் பேசாமல் இருந்திருக்கிறாள்.

மழை விட்டுப் பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன். ஒருத்தி மட்டும் நம்பவில்லை. அவளுக்குத் தலையில் அடித்துச் சத்தியமும் செய்துகொடுத்தேன்.