முகூர்த்தப் புடவைக்கு எத்தனை மைல்?

ஆரணிப் பட்டுக் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சம்பந்தியும் நானும் கிரெடிட் கார்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டுமே விமானக் கம்பெனி கார்டுகள்; செலவு செய்யச் செய்ய மைல் சேரும். என்னுடையது சென்னையில் வாங்கியது. அவர் வேலை பார்ப்பது துபாயில். அங்கே வாங்கிய கார்டு என்னுடையதைவிட இரண்டு மடங்கு மைல் தருகிறதாம். எனக்கு வயிறு எரிகிறது. கல்யாணம் முடிந்ததும் என் மகள் மாப்பிள்ளையோடு லண்டன் போகிறாள். இன்னும் கொஞ்சம் மைல் சேர்ந்தால், அவளைப் பார்க்கப் போக எனக்கு ஓசி டிக்கெட்.

இரண்டு வீட்டுப் பெண்களும் அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவையை முடிவு செய்ததும் என் கார்டை நீட்டுகிறேன். "பணத்தை அப்புறம் குடுங்க சம்பந்தி."

கடைக்காரர் கார்டைத் தொடவில்லை. "முகூர்த்தப் பொடவை மாப்ள வீட்டு செலவுங்க. சீட்டுல உங்க பேரு வந்துச்சுன்னா நாளைக்கு ரெண்டு வீட்லயும் பேஜாரு. சொந்தக்காரங்களுக்குப் பொடவை பாத்துகினு இருக்காங்களே, அதுக்குத் தேய்ங்க."

சம்பந்தி தன் கார்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். பிறகு என் தோளில் தட்டுகிறார்.

"கவலப்படாதீங்க. இந்த மைல்ல நாங்க லண்டன் போய் உங்க பொண்ணைப் பாத்துட்டு, போட்டோ அனுப்பறோம்."