படம் என்ன டியூப் லைட்டா?

மங்கையர்க்கரசிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வங்கி மேலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கால்கள் ஓயவில்லை. புனேயில் கேம்ப் பகுதியில் இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளரானதும் ஒட்டடைக் கம்போடு கிளம்பியவள் கண்ணில், மேடைக்குப் பின்னால் கறுத்துத் தொங்கிய ஓவியம் பட்டது. ஆறு, அக்கரை மரங்கள், மேகம். குத்துவிளக்குப் புகை அப்பி, மழைக் கசிவில் சட்டமும் உளுத்திருந்தது.

அன்றைக்குப் பிடித்தது சனி, உறுப்பினர்களுக்கு. படத்தைச் சீரமைக்க நன்கொடை கேட்டு, கராடிப் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் போனில் துளைத்தெடுத்தாள். கடைசியில் சாகண் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற விஸ்வேஸ்வரன் முழுச் செலவையும் ஏற்றார். ஒரே நிபந்தனை. போன வருஷம் தவறிப்போன மனைவியின் பெயரில், படத்தின் அடியில் 'உபயம்: விசாலம்' என்று எழுத வேண்டும்.

"படம் என்ன டியூப் லைட்டா சார், உபயம் எழுத?" என்று கமிட்டி நடுவிலேயே கேட்டுவிட்டாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. எழுந்து போனவர் அப்புறம் போனை எடுக்கவில்லை. படமோ, சீரமைக்கும் ஸ்நேஹாவின் பட்டறையில் பாதி துடைத்தபடி கிடந்தது. தன் வாய்க்கொழுப்பால் காரியம் கெட்டதே என்று மங்கையர்க்கரசி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

அப்போது ஸ்நேஹா ஒரு போட்டோ அனுப்பினாள். புகை விலகிய இடத்தில், ஆற்றுத் தண்ணீர் மேலேயே மஞ்சள் பெயிண்டில் எழுத்துகள். மராத்திக்காரியான அவளுக்குத் தமிழ் தெரியாது. மேலே பூசியதுதான், ஓவியத்துக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம், எடுக்கட்டுமா என்று இந்தியில் கேட்டிருந்தாள்.

'சட்டம் உபயம்: மி. சந்தானம், ராணுவக் கணக்கு அலுவலகம்.'

மங்கையர்க்கரசியின் அப்பா. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்தவர். அவர் பெயரை இந்த ஊரில் வேறெங்கேயும் அவள் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் எடுக்கச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மனசு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து விஸ்வேஸ்வரன் வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டினாள்.

"எங்கப்பா சார்."

அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். "அவரும் டியூப் லைட்டுன்னு நினைச்சுட்டாரோ?" சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

அவர் எதிரிலேயே ஸ்நேஹாவைக் கூப்பிட்டு, "நிகால் தோ, பேட்டா," என்றாள். எடுத்துவிடு என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

விஸ்வேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சட்டத்துக்குப் பின்பக்கம் இடம் இருக்கும்ல மேடம்? ரெண்டு பேரையும் அங்க எழுதிடலாம்," என்றார்.

திறப்பு விழாவில் எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். எழுத்து இருந்த இடத்தில் சின்னப் படகு ஒன்று தெரிந்தது. பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி சந்தானமும் விசாலமும் இருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்த மங்கையர்க்கரசி, கூட்டம் கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.