ஒலிபெருக்கி: பூஜ்யம்

ஒலிபெருக்கி வைத்தால்தான் ஒலிபெருக்கி அனுமதி வேண்டும். விதி அவ்வளவுதான். அரசாங்கக் கோப்புகளோடு முப்பது வருடம் வாழ்ந்தவன் சொல்கிறேன்.

ஒரு ராக் பாடகர், மனு எழுதித் தரச் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். தோள்வரை முடி, ஒரு காதில் வளையம். உட்கார்ந்ததும் மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தானாம்.

"பேண்டு அதுபாட்டுக்கு ஓடுது சார். இது தனி. நீளப் பலகையில கம்பி கட்டி வாசிக்கேன். பலகையில கை வச்சா பாட்டு உடம்புல ஏறும்."

"காது எதுக்கு இருக்கு?"

"எங்கம்மாவுக்குத் தறிச் சத்தத்துலயே காது போச்சு. நான் கத்துன ஒரு பாட்டும் அவிய கேட்டதில்ல."

தறிகள் நிற்கும் மே தினத்தன்று, அம்மாவுக்கும் உடன் வேலை செய்யும் பெண்களுக்கும் வாசிக்க ராஜபாளையத்தில் மண்டபம் கேட்டிருந்தார். போலீஸின் ஒலிபெருக்கி அனுமதிக் கடிதம் இல்லாமல் சாவி கிடையாது என்றுவிட்டார்கள் மண்டபத்தார். மனுவில் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை கேட்ட இடத்தில் பூஜ்யம் என்று எழுதினேன்.

"மைக் இல்லாம என்னய்யா கச்சேரி? ஒழுங்கா எண்ணிக்கையப் போட்டுக் கொண்டாரும்" என்று காவல் நிலைய எழுத்தர் அவரிடமே திருப்பிக் கொடுத்தார். விதியை மேற்கோள் காட்டி மறுபடி அனுப்பினேன். பதில் இல்லை.

மே தினத்தன்று மண்டபம் பூட்டிக் கிடந்தது. நீளப் பலகையைப் போட வெளியே இடமில்லை. அவர் மரக்கதவில் வாயை ஒட்டிவைத்துப் பாடினார். அம்மா அதே கதவில் இரண்டு கைகளையும் வைத்தார். கதவில் நாலு பேருக்குத்தான் இடம். மற்றப் பெண்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள்.

"ஏலே, இன்னொருக்கா பாடு" என்றார் அம்மா.

பாடகர் கோபப்படவே இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஒலிபெருக்கி இல்லாத நிகழ்ச்சிக்கு அனுமதி தேவையில்லை என்று பதில் வந்தது, மே இரண்டாம் தேதி.