துரை முனிக்குப் பிடித்த பாட்டு

ஐம்பத்தெட்டு வயதில் என்னைக் குழந்தைகள் கணக்கில் சேர்த்துவிட்டவள் என் மகள். தொலைபேசியில் பாட்டுக் கேட்கிற ஆப் ஒன்றுக்கு நாங்கள் குடும்பமாகச் சந்தா கட்டுகிறோம். அதுவரை காரில் நான் அவளுடைய கணக்கைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் அந்த ஆப், இந்த வருடம் நீ அதிகம் கேட்டது இவைதான் என்று ஒரு வண்ணப் படம் போட்டுக் கொடுக்கும். இளசுகள் அதை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார்கள். என் மகளின் படத்தில் மேலிருந்து கீழ்வரை நான் கேட்கிற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டுகளே இருந்தன. "ஏன்லா, மியூசியத்துலயா வேலை செய்ற?" என்று சிநேகிதிகள் சிரித்தார்களாம். மறுநாளே எனக்குத் தனிக் கணக்கு வந்தது. பெரியவர்களுக்கான இடம் தீர்ந்துவிட்டதால் மிச்சமிருந்த குழந்தை இடத்தில் என்னைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து என் குழுவின் பாட்டு முடிந்ததும் தானாக ஒரு வாத்துப் பாட்டு வரும். எங்கள் ஊர் புக்கிட் பெருவாங் டிராபிக் லைட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு நிற்கும்போது இது எவ்வளவு பெரிய அவமானம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

குழுவின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் பாதிப் பேர் உடனே சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பேர் "யாரு?" என்பீர்கள். இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியாது. நீள முடி வைத்த நால்வர். இருவர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவருக்குக் காது கேட்பதில்லை. இன்னொருவர் தேனீ வளர்க்கிறார்.

அவர்கள் என்னிடம் வந்து சேர்ந்ததே தற்செயல்தான். இளம் வயதில் தெங்கேராவில் ஒரு பாய் கடைக்குத் தமிழ்ப் படப் பாட்டுக் கேசட் வாங்கப் போனேன். நான் கேட்டது தீர்ந்துபோயிருந்தது. "இதுவும் நல்லா சத்தமாத்தான் இருக்கும் தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்று பாய் இவர்களைத் தூக்கிக் கொடுத்தார். சத்தம் என்கிற ஒரே தகுதியைச் சொல்லி விற்கப்பட்ட பொருளுக்கு நாற்பது வருடமாக அடிமையாக இருக்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் குழு இன்னும் தேவையா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். யாருமே கேட்பதில்லை என்பதில் இன்னும் கோபம் வரும். வீட்டுக்கு வருகிற இளையவர்கள் அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆரம்பத்திலேயே ஏதாவது நடக்கவில்லையென்றால் அவர்களுடைய விரல் தானாக அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. என் குழுவோ எட்டு நிமிடப் பாட்டில் முதல் நிமிடம் முழுக்க வெறும் காற்றுச் சத்தத்தைக் கொடுத்துப் பொறுமையைச் சோதிப்பவர்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கிட்டார் அடி வரும். அதைக் கேட்காதவன் எதற்குக் காது வைத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

என் நம்பிக்கையெல்லாம் மகள் மேல்தான் இருந்தது. பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தேன். அது இப்போது அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. ஆயர் குரோவில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் வந்து நின்றாள்.

"அப்பா, நான் உருமி மேளத்துல சேரப் போறேன்."

கோயில் திருவிழாக்களில் கருப்பு டீ-சட்டை போட்டுக்கொண்டு, உருமியும் தவிலும் பம்பையுமாக ஊரை இடிக்கிற குழுக்களைத்தான் சொன்னாள். எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு அதில் பைத்தியம்.

"அது சத்தம்மா, மியூசிக் இல்ல" என்றேன்.

"நீங்க கேக்கறது மட்டும் என்னாவாம்?"

"அது ராக்."

"அதுவும் சத்தந்தானே லா."

பாய் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது. சேரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். கை வீணாகிவிடும், வீடு திரும்ப நேரமாகிவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உண்மையான காரணம் அலமாரிக்குப் பின்னால் இருக்கிற கிட்டார்தான். அன்றோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பிட்டிங்களா" என்று மட்டும் கேட்பாள், அதையும் பக்கத்து அறையிலிருந்து தொலைபேசியில் எழுதிக் கேட்பாள். நானும் "ஆச்சு" என்று எழுதுவேன். அவள் குரல் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் நானாக இறங்கி வருவதாகவும் இல்லை.

இப்படி இருந்தபோதுதான் தோட்டத்துத் திருவிழா வந்தது. சுங்கை ரம்பாய்ப் பக்கம் என் மனைவி பிறந்த தோட்டம் அது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளெல்லாம் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. முனியாண்டி கோயில் மட்டும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் கார் எடுத்துக்கொண்டு போய், செம்பனைக்கு நடுவில் பார்க்கிங் கிடைக்காமல் திட்டிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு வருவோம். நாங்கள் மூவரும் ஒரே காரில் போனோம். மகள் பின் இருக்கையில் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் மேளக் குழு வட்டம் கட்டியது. நான் மோர் வாங்கிக்கொண்டு ஓரமாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் வழக்கமான இடி. பிறகு எல்லாம் நின்று, உருமி மட்டும் தனியாக ஒரு முனகலை இழுத்தது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் வருகிற முனகல்தான் அது. ஆனால் அது போன இடம் வேறு. கிட்டார்க் கம்பியை வளைத்தால் வருகிற அதே வளைவு. அடுத்து தவில் விழுந்தது. என் கையிலிருந்த மோர் கீழே கொட்டியது.

என் குழுவின் அடி. சந்தேகமே இல்லை. நாற்பது வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற அந்த அடியை, செம்பனைத் தோப்பில், முனியாண்டிக்கு முன்னால், கருப்பு டீ-சட்டை போட்ட பையன்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலை தானாக ஆட ஆரம்பித்தது. முன்பக்கம் வழுக்கையானாலும் பின்பக்கம் மிச்சமிருக்கிற முடியை நான் கட்டி வைத்திருப்பேன். அது அவிழ்ந்து முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இடது கையை நீட்டி, வலது கையால் வயிற்றுக்கு நேராக, இல்லாத கிட்டாரைச் சுரண்டினேன்.

"சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"அருவாளத் தீட்டுது பாருங்க!" என்றது இன்னொரு குரல்.

இரண்டு பேர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நெற்றியில் திருநீறு அப்பியது, வாயில் எலுமிச்சம்பழம் வந்தது. நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சாமி வந்தால் அடியை நிறுத்தக் கூடாது என்பது மேளக்காரர்களின் விதி. அந்த அடி வந்தால் தலையை நிறுத்தக் கூடாது என்பது என் விதி. இரண்டு விதிக்கும் நடுவில் என் கழுத்து மாட்டிக்கொண்டது.

பூசாரி என் முன்னால் வந்து நின்றார். "யாரு வந்திருக்கீங்க? சொல்லுங்க!"

சரியாக அந்த நேரத்தில்தான் பாட்டில் பாடகர் கத்துகிற இடம் வந்தது. பையன்கள் அதைப் பாடவில்லை. யாராவது பாடத்தானே வேண்டும்? எலுமிச்சம்பழத்தைத் துப்பிவிட்டு முதல் வரியை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

பூசாரி ஓர் அடி பின்னால் போனார்.

"இங்கிலீஷ் பேசுது" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்.

"தொரை லா!" என்றார் பின்னால் நின்ற வயதான ஒருவர். "அந்தக் காலத்துல பங்களாவுல இருந்தாரே வெள்ளக்காரத் தொரை, அவருதான்!"

பூசாரி காரியக்காரர். ஒரு நொடிதான் யோசித்தார். "தொரை முனி வந்திருக்காரு!" என்று அறிவித்தார். கூட்டம் கைகூப்பியது. பற்றவைத்த சுருட்டு ஒன்று என் வாயில் செருகப்பட்டது. ஒருவர் ஸ்டௌட் என்கிற கருப்பு பீர் போத்தலைத் திறந்துகொண்டு வந்தார். அப்போது கூட்டத்திலிருந்து என் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஸ்டௌட் குடுக்காதீங்க, சாமிக்கு ஷுகர் இருக்கு."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதோடு நிறுத்திக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒரு கண்ணைத் திறந்தேன். எதிரே என் மகள் நின்றாள்.

"இங்கிலீஷ்ல கேளும்மா" என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அவள் தமிழிலேயே கேட்டாள். தலையைக் குனிந்து, கைகூப்பிக்கொண்டு கேட்டாள்.

"சாமி, நான் மேளம் அடிக்கறது எங்க அப்பாவுக்குப் புடிக்கல. அவர்கிட்ட திரும்பக் கேக்க பயமா இருக்கு. நான் அடிக்கலாமா?"

பயமா? என்னிடமா? குழந்தைகள் கணக்கில் வாத்துப் பாட்டுக் கேட்கிற என்னிடமா? சுருட்டுப் புகையில் கண் எரிந்தது, அது புகை மட்டுமில்லை. மேளம் தணிந்து மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். துரை எப்படித் தமிழ் பேசியிருப்பாரோ அப்படிப் பேசினேன்.

"இந்த அடி... யார் குட்த்தது?"

"நான்தான் சாமி. நான் சேரணும்னு கேட்டது இந்தப் பசங்க குழுவுலதான், அவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சின்னப் புள்ளைலேர்ந்து அப்பா கார்ல கேட்டது."

"பாட்டு பேர் என்னா?"

"தெரியல சாமி."

"குழு பேர்?"

"அதுவும் தெரியல. சாரி சாமி."

பிறந்ததிலிருந்து இவளுக்கு நான் நடத்திய பிரசங்கங்கள் அத்தனையும் கண் முன்னால் வந்தன. எந்த ஆல்பம், எந்த ஸ்டூடியோ, டிரம்மருக்கு ஏன் கோபம் வந்தது, எல்லாம் காற்றோடு போயிருக்கின்றன. ஒரு பெயர்கூட நிற்கவில்லை. ஆனால் அந்த வளைவு மட்டும் பிசகாமல் அவள் கையில் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கூடவே அவளை அங்கேயே திட்ட வேண்டும்போலவும் இருந்தது. சாமியாக இருந்ததால் இரண்டையும் செய்ய முடியவில்லை.

"அடி" என்றேன். "ஆனா, ஃபுல்லா அடி. பாதில நிப்பாட்டக் கூடாது."

"முழுசா அடிக்கச் சொல்லுது!" என்று கூட்டம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. இந்த மாதிரி விஷயத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மயங்கி விழுந்தேன்.

சாமி வந்துபோனவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்கக் கூடாது. அதுதான் முறை. சோறு போடும்போது ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள், நானும் ஒன்றும் தெரியாது என்றே சொல்லி வைத்தேன். அடுத்த வருடம் துரைக்கு டீயும் பிஸ்கட்டும் தனியாகப் படைப்பது என்று கோயில் கமிட்டி சாப்பாட்டு மேசையிலேயே முடிவு செய்துவிட்டது. தொப்பி வைப்பதா வேண்டாமா என்பதில்தான் கொஞ்சம் தகராறு.

அதற்குள் மேளக் குழு ஒரு செம்பனை நிழலில் உட்கார்ந்து, என் மகளின் தொலைபேசியில் இருந்த பழைய பட்டியலில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. காற்றுச் சத்தத்திலிருந்து கேட்டார்கள். யாருடைய விரலும் திரையைத் தொடவில்லை.

"அலாமாக், இன்னும் முடியலயாடா?" என்று அலுத்துக்கொண்டான் ஒருவன்.

"மாத்திடாத, சாமி குத்தம் ஆயிடும்" என்றான் தவில்காரன்.

நாற்பது வருடமாக நான் கேட்டுக் கிடைக்காத காட்சி இது. இளசுகள் உட்கார்ந்து எட்டு நிமிடத்தையும் கடைசிவரை கேட்கிறார்கள். பக்கத்தில் போய், நடுவில் மெதுவாகப் போகிற இடத்தில் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள் என்று சொல்லத் துடித்தேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மனைவி வந்து தைலம் தேய்த்தாள். "தொரைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று காதோரம் கேட்டாள்.

வீடு திரும்பும்போது மனைவிதான் காரை ஓட்டினாள். பாதி வழியில் பின் இருக்கையிலிருந்து மகள் பேசினாள். எழுதவில்லை, வாயைத் திறந்து பேசினாள்.

"அப்பா, மேளத்துல சேரலாம்னு சாமி சொல்லிருச்சு."

"அப்படியா?"

"ஆனா உங்ககிட்டயும் கேக்கணும்ல."

துரையாக இருந்தபோது எவ்வளவு சுலபமாக இருந்தது! அப்பாவாக அதே வார்த்தையைச் சொல்ல நாக்கு புரளவில்லை. கடைசியில் சொன்னேன்: "சேர்ந்துக்கம்மா. என்கிட்ட கேக்க உனக்கு என்னா பயம்?"

மனைவி ரோட்டை மட்டும் பார்த்தாள்.

"பயம்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றாள் மகள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்ப முயன்றேன். கழுத்து வரவில்லை. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்து முடியாமல், மனைவியையும் இழுத்துக்கொண்டு, அது நெடுநேரம் ஓடியது. "குழு பேரு என்னப்பா?" என்று சிரிப்புக்கு நடுவில் கேட்டாள். சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு நான்தான் அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். உள்ளே எனக்கு அனுமதி கிடையாது. நான் நின்றால் துரை வந்துவிடுவார் என்று பையன்கள் பயந்து பயந்து மெதுவாக அடிக்கிறார்களாம். அதனால் முச்சந்தியில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். போன வாரம் அந்தப் பாட்டை முதல்முறையாகக் கடைசிவரை அடித்தார்கள். நடுவில் நிறையத் தப்பு. திரும்பி வரும்போது சொல்லலாம் என்று ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டேன்.

அவள் வியர்த்துப்போய் வந்து முன் இருக்கையில் ஏறினாள். தவில்காரன் எங்கே சொதப்பினான், யார் யாரோடு சண்டை, அடுத்த மாதம் எந்தக் கோயில் என்று புக்கிட் பெருவாங் வரும்வரை மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்தாள். நான் பாட்டே போடவில்லை.