பேச்சியம்மா வீட்டுச் சாம்பல்

எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்க கெடையாதுங்க, அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். சாந்தன்பாறையில ஸ்டூடியோ வச்சுப் பொழைக்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ, ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டா பொணத்தையும் எடுப்பேன். எத்தனையோ பாத்தாச்சு, ஒண்ணும் எந்திரிச்சு வந்து என்னையக் கேள்வி கேட்டதில்ல. செத்தவங்கள விட இருக்குறவங்க மேலதான் எனக்கு எப்பவும் சந்தேகம். அது பொறவிக் கொணம்.

பேச்சியம்மான்னு ஒரு அம்மா. ஏலத்தோட்டத்துல காய் எடுக்கப் போறவங்க, லயத்துல கடேசி வீடு. லயம்னா தோட்டத்துல கட்டிக் குடுத்த வரிச வீடுங்க, ஒரு ரூமு, ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு சன்னல், அவ்வளவுதான். மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. மருமக முத்துலட்சுமி கைப்புள்ளையோட மாமியாகூட இருந்துச்சு. முந்தின நாள் மாமியாளுக்கும் மருமகளுக்கும் சண்ட, லயமே கேட்டுருக்கு. மறுநாள் காலையில முத்துலட்சுமி தண்ணி எடுத்துட்டு வந்து பாத்தா, அந்தம்மா அம்மிக்கல்லுல மண்ட அடிபட்டுக் கெடக்குது, உசுரு இல்ல.

எனக்குப் போன் வந்துச்சு, போனேன். இந்த வேலையில ஒரு மொற இருக்கு. இருந்தது இருந்தபடி மொதல்ல படம் எடுத்துறணும், அதுக்கப்புறந்தான் மத்தவங்க உள்ள வரணும், ஒரு துரும்பக்கூட நகட்டக் கூடாது. எனக்குத் தெரியாததா? ஆனா இருபது வருசமா கல்யாண மேடையில நின்ன கை இருக்கே, பொண்ணு மாப்பிள்ளைக்குக் குறுக்க ஒரு தண்ணி பாட்டில் இருந்தாக்கூட அது பாட்டுக்கு எடுத்து அங்கிட்டு வச்சிரும். அந்தம்மா கால்மாட்டுல ஒரு செவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலு கவுந்து கெடந்துச்சு. படத்துக்கு எடஞ்சலா இருந்துச்சு. ரெண்டு கையாலயும் தூக்கிச் சொவத்தோரமா நிமித்தி வச்சுட்டு எடுக்க ஆரம்பிச்சிட்டேன். போலீஸ்காரர் வாசல்ல கூட்டத்த வெரட்டிக்கிட்டு இருந்தாரு, பாக்கல.

பெறகு சயின்டிஃபிக் ஆபீசர் மேடம் வந்தாங்க, மலையாளத்துக்காரங்க, சின்ன வயசு. கதவு, கொடம், அம்மின்னு கறுப்புப் பொடிய பிரஷ்ஷால தடவித் தடவி ரேகை எடுத்தாங்க. உள்ள போன எங்க எல்லார் கைரேகையும் எடுத்துக்கிட்டாங்க, எங்களுத கழிச்சுட்டு மிச்சம் ஆருதுன்னு பாக்கணுமாம். வேல பாத்துக்கிட்டே சொன்னாங்க, "தொட்டா அடையாளம் இருக்கும் சேட்டா. தொட்டவங்க மறந்தாலும் தொட்ட சாமான் மறக்காது." சொல்லிட்டு என்னையப் பாத்து, "ஒண்ணும் தொட்டில்லல்லோ?"ன்னாங்க, எதையும் தொடலயேன்னு. எஸ்.ஐ. பக்கத்துல நிக்கிறாரு. இல்ல மேடம்னு வாயில வந்துருச்சு. இருந்தபடி எடுத்த படந்தான்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன்.

அதுதாங்க வென ஆச்சு. எஸ்.ஐ. படத்தப் பாத்துட்டு, ஏறி விழுந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்லியே, சும்மா நின்ன பொம்பள எப்படி மல்லாக்க விழும், ஆரோ தள்ளிருக்கணும்னு முடிவு கட்டிட்டாரு. முத்துலட்சுமிய ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. மறுநாளும் கூப்பிட்டாங்க. நான் பிரிண்ட் குடுக்கப் போனப்ப வராந்தாவுல புள்ளைய மடியில போட்டு உக்காந்திருந்துச்சு.

"அண்ணே, புள்ளைக்குக் கட்ட, பரண்ல கெடந்த தொட்டில் சேலைய எடுத்துத் தாரேன்னாங்கண்ணே. ஸ்டூலப் போட்டு ஏறிருப்பாங்க. ஒங்க போட்டோவுல தெரியும்லண்ணே?"

நான் ம்ம்னுட்டு வந்துட்டேன். சொன்னா பொய்க் கையெழுத்துப் போட்டவன்னு என்னைய உள்ள வப்பாங்க, சொல்லாட்டி அந்தப் புள்ளைய வப்பாங்க. நான் கோழப்பய, பேசாம இருந்துட்டேன். நாளைக்கு அரெஸ்டுன்னு பஜார்ல பேசிக்கிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலந்தான் பேச்சியம்மாவ அடக்கம் பண்ணுனாங்க. அடக்கம் பண்ணுன அன்னைக்கி உசுரு போன எடத்துல சாம்பலச் சலிச்சுத் தூவி வீட்டப் பூட்டிட்டு, விடிஞ்சு போயி ஏதாச்சும் தடம் விழுந்திருக்கான்னு பாக்குறது பேச்சியம்மா சொந்தக்காரங்க பக்கத்து வழக்கம். அந்தம்மாவோட அண்ணன் சுடலமுத்து, கங்காணிகிட்ட சாவிய வாங்கி, போலீஸ்ல ஒரு வார்த்த கேக்காம, உள்ள இருந்து வாசல் வரைக்கும் பின்னாலயே நகந்து வந்து மாவுச் சல்லடையில சாம்பலச் சலிச்சுட்டுப் பூட்டிட்டாரு.

விடிஞ்சு ஒம்பது மணி. இன்னொரு தடவ பாக்கணும்னு மேடம் வந்தாங்க, எஸ்.ஐ. வந்தாரு, நானும் போனேன். பூட்டத் தொறந்து பாத்தா வீடெல்லாம் சாம்பலு.

"எந்தா இது! ஆரு செஞ்சது?"ன்னு மேடம் கத்துறாங்க. சுடலமுத்து கையக் கட்டிக்கிட்டு, "எங்க மொறைங்கம்மா. தங்கச்சி வந்து போனாளான்னு பாக்கணும்லா"ங்குறாரு. எஸ்.ஐ. அவர வஞ்சுக்கிட்டு இருக்கும்போதே மேடம் கையத் தூக்குனாங்க. "ஆரும் உள்ள கால் வைக்கண்டா."

நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க. சாம்பல்ல காலடி. வாசப்பக்கம் ஒரு கோடு கெடையாது, சலிச்சது சலிச்சபடி இருக்கு. அந்தம்மா விழுந்து கெடந்த எடத்துல ஆரம்பிச்சு ஏழு தடம், நேரா சொவத்தோரம், ஸ்டூலுகிட்டப் போயி நிக்குது. வலது கால்ல சுண்டுவிரல் பதியல. பேச்சியம்மாவுக்கு வலது சுண்டுவிரல் கெடையாது, தோட்டத்துல களை வெட்டும்போது போனது, லயத்துல எல்லாத்துக்கும் தெரியும்.

எனக்கு மொதச் சந்தேகம் சுடலமுத்து மேலதான். மேடத்துக்கும் அதேதான், அவரு கால அளந்தாங்க. தடத்த விட நாலு விரக்கட பெருசு. சரி, வேற ஆராச்சும்னா சாம்பல மிதிக்காம எப்படி உள்ள போயி, எப்படி வெளிய வந்தாங்க? பறந்தா?

பக்கத்துல ஸ்கேல வச்சு ஒவ்வொரு தடமா எடுத்துக்கிட்டே போனேன். ஸ்டூலுகிட்ட குனிஞ்சேன். ஸ்டூலு மேல நைசா படிஞ்ச சாம்பல்ல ரெண்டு ஓரத்துலயும் விரல் விரலா அடையாளம், அச்சுல எடுத்த மாதிரி. வலது ஆள்காட்டி விரல் ரேகைக்குக் குறுக்க ஒரு வெட்டு. மேடம் அதப் பாத்தாங்க. பெறகு கேமராவப் பிடிச்சிருந்த என் கையப் பாத்தாங்க. போட்டோ வெட்டுற கத்தி பட்ட தழும்பு, இந்தா, நீங்களே பாருங்க.

"நாந்தான் மேடம் நிமித்தி வச்சேன். கவுந்துதான் கெடந்துச்சு"ன்னேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஸ்டூலத் திருப்பிப் பாத்தாங்க, ஒரு கால் விரிஞ்சு கெடந்துச்சு. பரண்ல தொட்டில் சேல பாதி இழுத்தபடி தொங்குச்சு, அதுவரைக்கும் ஆரும் அண்ணாந்து பாக்கல. முத்துலட்சுமிய அன்னைக்கே விட்டுட்டாங்க. என்னைய எஸ்.ஐ. நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டாரு, ஸ்டேஷன் வேல அதோட போச்சு. போகட்டும்.

வேர்வ பட்ட எடத்துல சாம்பல் ஒட்டும், நம்ம பொடி மாதிரிதான்னு விரலடையாளத்துக்கு மேடம் வெளக்கம் சொன்னாங்க. அப்ப காலடின்னு கேட்டேன். "அது நான் ரிப்போர்ட்டுல எழுதல சேட்டா"ன்னு ஜீப்புல ஏறிட்டாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு முத்துலட்சுமி புள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்துச்சு. காசு வாங்க மாட்டேன்னேன், வச்சுட்டுத்தான் போச்சு. போகும்போது, "எங்க அத்த யாரையும் மனசுல வச்சுக்க மாட்டாங்கண்ணே"ன்னுச்சு. அதக் கேட்டு எனக்கு நிம்மதியா இருந்துச்சு, பொய் சொல்லல. மறுநாள் காலையில ஷட்டரத் தூக்குறேன், ஆளுக உக்காந்து போட்டோ எடுக்குற ஸ்டூலு கவுந்து கெடக்கு.

பூன, எலின்னு நெனச்சேன். பூட்ட மாத்துனேன். பக்கத்துக் கடைக்காரன் மேல சந்தேகப்பட்டு அவன்கூட சண்டையும் போட்டேன். தெனமும் கெடையாது, எப்பவாச்சும் ஒரு நாள். இப்பல்லாம் சட்டுனு நிமித்த மாட்டேன். கெடக்குறபடி மொதல்ல ஒரு படம் எடுத்துட்டுத்தான் கையே வப்பேன். அந்தப் படமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, வேணும்னா காட்டுறேன்.

இன்னைக்குக் காலையிலயும் எடுத்தேன். நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அந்த ஸ்டூலத்தான்.