லூப் போட்ட கதை

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கருத்தடைக் குளிசை போட்டேன். தலையிடி வந்து, சத்தி எடுத்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அறைக்குள் கிடந்தேன். ஊசிக்கு மாறியும் தலையிடி விடவில்லை. என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். நான் சுருண்டு கிடந்ததைப் பார்த்து அவர் சொன்ன ஒரே ஆறுதல், "எல்லாப் பொம்பிளையளும் போடுறதுதானே" என்பது.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் இருவரையும் கூப்பிட்டு, ஓமோன் இல்லாத வழிகளைப் பொறுமையாக விளக்கினார். ஆணுறை என்றதும் கணவர் யன்னலைப் பார்த்தார். ஆண்களுக்கான சின்ன சத்திரசிகிச்சை என்றதும், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கொட்டியாரக் குடாவில் காற்று எழும்பின நாளிலும் கப்பல் இழுத்தவன் என்று கூட்டாளிகளிடம் மார்தட்டுகிற மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் எழுந்து போனார் என்று கேட்டேன்.

"அது செய்தால் பாரம் தூக்க ஏலாது."

"நான் ரெண்டு பிள்ளையைச் சுமந்துகொண்டு தண்ணி வாளி தூக்கினனான்."

அவர் டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கர்ப்பப்பைக்குள் வைக்கிற செப்பு லூப்தான் என்று நானே முடிவெடுத்தேன். உடனே அவருடைய அக்கா வந்தார். புல்மோட்டையில் யாருக்கோ லூப் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். யாருக்கு என்று கேட்டால் தெரியாது. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு ரோட்டுப் போட்டது யார் என்று கேட்க வாய் உன்னியது. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

டொக்டர் லூப்பைப் போடும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தது, பிறகு விட்டது. முதல் சில மாதங்கள் மாதவிடாய் அதிகமாகப் போனது, நோவும் இருந்தது. மிட்வைஃப் முன்னமே சொல்லியிருந்தபடியால் பயப்படவில்லை. தலையிடி போய்விட்டது.

அண்மையில் கணவரின் கூட்டாளி சாப்பிட வந்தார். அவருடைய மனைவிக்கும் குளிசை ஒத்துவரவில்லையாம். என் கணவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "லூப்தான் நல்லம். நான்தான் யோசிச்சு இவவுக்குப் போடச் சொன்னனான்" என்றார்.

நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் ஒரு மரியாதை வேண்டும். அது அவர்மேல் எனக்கு மிஞ்சியிருக்கவில்லை. அவருடைய சோற்றுக் கோப்பையில் துண்டில்லாத வெறும் குழம்பை ஊற்றிவிட்டு, கூட்டாளியிடம் அவர் மனைவியின் போன் இலக்கத்தை வாங்கினேன். அடுத்த நாள் நானே அவளோடு கதைத்தேன். நோவையும் மறைக்காமல் சொன்னேன்.